எரிசோடாப் புட்டியின் மூடி

ஆய்வகத்தில் அவளுக்குப் பாதரசம் என்று பெயர். கண்ணாடிக் கலன்களைக் கழுவி அடுக்கும் அம்மாள் வைத்த பெயர் அது. "இந்தப் பொண்ணு நின்ன இடத்துல நின்னு நான் பாத்ததில்ல. தரையில கொட்டின பாதரசம் மாதிரி, பிடிக்கப் போனா நாலு பக்கம் உருளுது" என்று அவர் ஒரு நாள் சொல்லி வைக்க, அன்று முதல் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே வாழ்ந்து வந்தது. அவளுக்கு அதில் கோபமும் இல்லை. கோபப்படுவதற்கும் ஓரிடத்தில் சற்று நேரம் நிற்க வேண்டுமே.

உயரமான முக்காலியில் அமர்ந்தால் அவளுடைய வலது பாதம் தாளம் போடும். பாதம் ஓய்ந்தால் விரல்கள் எதையாவது தேடும். பெரும்பாலும் அவை கண்டடைவது ஒரு மூடியைத்தான். பேனா மூடி, தண்ணீர்ப் பாட்டிலின் மூடி, மேசைமீது இருக்கும் இரசாயனப் புட்டியின் மூடி, எதுவானாலும் சரி, அரைத் திருகு திறப்பாள், அரைத் திருகு மூடுவாள். சிந்தனை ஆழ்ந்தால் அரைத் திருகு முழுத் திருகாகும். தான் அவ்வாறு செய்வது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ, சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார்கள்.

அவள் தன் அக்காவோடும் அக்கா கணவரோடும் வசித்தாள். அக்கா திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். மாமா மின்தூக்கி பழுது பார்ப்பவர். அந்த வீட்டின் சமையலறையில் மூடியுள்ள டப்பா எதற்கும் பாதுகாப்பு இருந்ததில்லை.

"நீ கை வச்ச டப்பாவுல ஒரு பிஸ்கட்டாவது மொறுமொறுன்னு இருக்கா? எல்லாம் நமத்துப் போச்சு" என்பாள் அக்கா.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்."

"எடுத்தது ஒண்ணு. திறந்தது நூறு."

"விடு, டீயில தோய்ச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்று மாமா இடையில் புகுந்து சமாதானம் செய்வார். ஆனால் அவரும் சும்மா இருக்க மாட்டார். "இருட்டினா எல்லாருக்கும் மூளையில அந்த மெலடோனின் சுரக்கும், தூக்கம் வரும்னு நீதானம்மா பாடம் எடுக்கற. உனக்கு மட்டும் சப்ளையை நிறுத்திட்டாங்களா?"

அவளுக்கு உறக்கமும் அரைத் திருகுதான். அக்கா அவளுடைய அறைக்கென்று இருமடங்கு கனமான கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டியிருந்தாள். இருட்டுக்குக் குறைவில்லை. உள்ளே படுத்திருப்பவளுக்குத்தான் இருப்புக் கொள்ளாது.

மாமா கேலிக்காகச் சொன்னாலும், அவளுடைய பிழைப்பு அந்த மெலடோனினைச் சுற்றியே அமைந்திருந்தது. இருள் கவிந்ததும் மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி வெளியிடும் பொருள் அது. உறக்கத்தோடு அதற்குள்ள உறவைப் பலரும் அறிவர். அவள் வேலை பார்த்த பேராசிரியையின் ஆய்வகம் ஆராய்ந்தது அதன் மற்றொரு முகத்தை. உடலுக்குள் நைட்ரஜனைக் கொண்ட சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கின்றன. அளவோடு இருக்கும்வரை அவற்றில் சில நமக்கு ஊழியம் செய்யும். அளவு மிஞ்சினால் அக்கம்பக்கத்துப் புரதங்களைப் பதம் பார்க்கும். மெலடோனின் அவற்றோடு மோதக்கூடியது. அதனினும் வியப்பு, அது சிதைந்த பின் எஞ்சும் பொருள்களும் மோதக்கூடியவை என்பது.

அந்தச் சிதைபொருள்களின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆகவே ஆய்வகத்தில் உறவுமுறை வைத்தே பேசிக் கொண்டார்கள். மெலடோனின் அம்மா. அதன் வளையம் ஒன்று அறுந்து உண்டாவது மகள். மகளிடமிருந்து ஒரு சிறு துண்டு உதிர்ந்தால் பேத்தி. அந்த முரடர்களில் ஒருவனான நைட்ரிக் ஆக்சைடை அம்மாவும் பிடிப்பாள். ஆனால் அவள் பிடி தளர்ந்தது, சற்று நேரத்தில் நழுவ விட்டுவிடுவாள். பேத்தி அப்படியல்ல. தன் உடம்பிலேயே புதிதாக ஒரு வளையம் கட்டி, பிடித்ததை அதற்குள் பூட்டிக் கொள்வாள். குடும்பத்தில் அழுத்தக்காரி அவள்தான்.

பாதரசத்தின் பங்குக்கு வந்தவன் நைட்ரிக் ஆக்சைடைக் காட்டிலும் முரடன். பெராக்சிநைட்ரைட் என்று பெயர். கடுங்காரத்தில், கடுங்குளிரில் வைத்தால் அடங்கிக் கிடப்பான். நம் இரத்தத்தை ஒத்த கரைசலில் ஒரு துளி விழுந்தாலோ, ஓரிரு நொடிகளில் அவன் கதை முடிந்துவிடும். அந்த நொடிகளுக்குள் அவனையும் பேத்தியையும் சந்திக்க வைக்க வேண்டும். சந்தித்தால், அவனிடமிருந்து ஒரு துண்டைப் பேத்தி தன் வளையத்தில் ஏற்றுக் கொள்வாள், கரைசல் இளமஞ்சளாகும். குழாயைச் சுழற்றும் கருவியின்மேல் அழுத்திப் பிடித்து, சுழல் எழும் கணத்திலேயே துளியை விடுவதுதான் முறை. நிதானக்காரர்களுக்கு அது எளிதில் கைவராது. பாதரசத்துக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய பரபரப்புக்கு உலகில் ஏற்பட்ட ஒரே பயன் இதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அவள் கலந்த குழாய்கள் அழகாக மஞ்சளித்தன. பொருள்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தின் திரையில், அந்த மஞ்சள் பொருளுக்குரிய இடத்தில், ஓங்கிய மலைமுகடு ஒன்று எழுந்தது. பேத்திக்கு இத்தனை பசி இருக்குமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியை அதைக் கட்டுரையாக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார். மேடையில் படிக்கப் போகிறவள் பாதரசமே என்றும் முடிவாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்டு வந்த அவளுடைய தற்காலிகப் பணியை நிரந்தரமாக்கும்படி மேற்குழுவுக்கு எழுதியும் ஆயிற்று. குழு கூட இன்னும் சில வாரங்களே இருந்தன.

அப்போதுதான் பேராசிரியை அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். பாதம் தாளத்தைத் தொடங்கியது.

"வேற ஒரு ஆய்வகத்துல உன் முறைப்படியே செஞ்சு பாத்திருக்காங்க. பொருள் வந்திருக்கு. ஆனா கொஞ்சம்தான்."

"எவ்வளவு மேடம்?"

"நீ காட்டினதுல அஞ்சுல ஒரு பங்கு."

"சரியாக் கலக்கியிருக்க மாட்டாங்க. துளியை விட்டுட்டுச் சுழற்றியிருப்பாங்க. சுழலும்போதே விடணும்."

"மூணு பேர் தனித்தனியாச் செஞ்சிருக்காங்க" என்ற பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கல. திரும்பச் செஞ்சு காட்டு. அவ்வளவுதான்."

ஒன்றும் கேட்கவில்லை என்றாரே, அதுதான் அவளைக் கொன்றது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்கப்படாத கேள்விக்கு எதைக் கொண்டு விடை சொல்வது? எண்களை நீயே ஏற்றிப் போட்டாயா என்பதுதான் அந்தக் கேள்வி. அறையை விட்டு வெளியே வருகையில் அவள் கையில் பேராசிரியையின் பேனா மூடி இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் ஒரு முறை உள்ளே போய் வந்தாள்.

அன்றே செய்தாள். மஞ்சள் வந்தது. முகடு முன்போலவே ஓங்கி எழுந்தது. அடுத்த மேசைக்காரர் அதே சோதனையைத் தம் கரைசல்களைக் கொண்டு செய்தார். அவருக்குத் தராசு என்று பெயர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் பேசமாட்டார்; பேசிய பின்னும் ஒரு முறை நிறுத்துப் பார்ப்பார். அவருடைய குழாயில் மஞ்சள், இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கும் அளவுக்கே இருந்தது. வெளியூர் ஆய்வகம் சொன்ன அதே ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டு நாளில் ஆய்வகத்தின் காற்று மாறிவிட்டது. அவள் வந்தால் பேச்சு நிற்கும். யாரோ ஒருவர், "பாதரசத்துக்கு எண்ணும் ஒரு இடத்துல நிக்காது போல" என்று சொன்னது கழிவறைச் சுவரைத் தாண்டி அவள் காதில் விழுந்தது. சோம்பேறி என்றோ அவசரக்காரி என்றோ சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். இதற்குச் சிரிக்க இயலவில்லை.

காலையில் அவளுடைய முகத்தைப் பார்த்த அக்கா, தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "ராத்திரி பூரா நடந்தியா? தரை தேஞ்சிடும் போல இருக்கு."

"என்னைப் பொய்க்காரின்னு நினைக்கறாங்க அக்கா."

"நீயா? ஒரு பொய்யை ஜோடிச்சுச் சொல்றவரைக்கும் உன்னால ஓரிடத்துல உக்கார முடியுமா? அவங்க உன்னைச் சரியாப் பாக்கலடி."

அக்காவுக்கு எப்போதும் இப்படித்தான். ஆறுதலும் வசையும் ஒரே நூலில் வரும்.

அன்று முற்பகல் தராசுதான் வழி சொன்னார். "கையை மாத்திப் பாப்போம். உன் கரைசலை நான் கலக்கறேன். என் கரைசலை நீ கலக்கு."

"எதுக்கு அண்ணா?"

"கைதான் காரணம்னா, முகடு உன் கையோட வரும். கரைசல் காரணம்னா, கரைசலோட போகும். உன் கணக்குல ஏதாவது இருந்தா ரெண்டுலயும் வராது." சற்று நிறுத்தி, "கடைசியில சொன்னது என் சந்தேகம் இல்ல. நிறுத்துப் பாக்கறப்போ எல்லாத் தட்டையும் வைக்கணும்" என்றார்.

செய்தார்கள். இயந்திரம் தன் நிதானத்தில் ஓடியது. பாதரசம் அதன் முன் நின்றாள், வெளியே போனாள், தாழ்வாரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிவரை நடந்தாள், குடிக்காமலே திரும்பினாள். திரையில் முதலில் அவள் கை கலந்த, தராசின் கரைசல்: சின்ன மேடு. பின்னர் தராசு தம் நிதானக் கையால் கலந்த, அவளுடைய கரைசல்: மலை.

"என் கையில எதுவும் இல்ல" என்றாள்.

"கை தப்பிச்சுது. இனிமே கரைசல்" என்றார் அவர்.

ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பேத்தியை மாற்றினார்கள், முரடனை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள். மலை அசையவில்லை. எஞ்சியது, எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கரைசல் ஒன்றே. இரத்தத்தின் தன்மைக்கு ஏற்ப அதைச் செப்பனிட, அமிலத்தன்மையுள்ள உப்புக் கரைசலில் எரிசோடா என்னும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறுகச் சிறுக விடுவது வழக்கம். உப்பு இருவருக்கும் ஒரே டப்பாதான். எரிசோடா மட்டும் வேறு. தராசு பொது அலமாரியில் உள்ள பெரிய புட்டியிலிருந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்து, உடனே மூடி, மூடியைச் சுற்றி மெல்லிய உறையும் ஒட்டிவிடுவார். பாதரசமோ ஒவ்வொரு முறையும் அளந்தெடுக்கப் பொறுமையின்றித் தனக்கென ஒரு சிறு புட்டியை நிரப்பி மேசைமேலேயே வைத்திருந்தாள். பல மாதங்களாக அவளுக்குக் கரைசல் செய்தது அந்தப் புட்டிதான்.

"அதைக் கொடு" என்றார் தராசு.

அவள் புட்டியை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளுடைய கையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"இப்பக்கூட" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் மூடியை அரைத் திருகு திறந்து, அரைத் திருகு மூடி, மீண்டும் திறந்து கொண்டிருந்தன. மூடியின் புரிகளிலும் புட்டியின் கழுத்திலும் வெள்ளை வெளேரென்று ஏதோ பூத்திருந்தது. அவளுடைய கையுறையின் நுனியிலும் அந்த வெள்ளைப் பொடி.

பள்ளிக்கூட வேதியியலே அதற்குப் போதும். எரிசோடா, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கண்டால் விடாது. விழுங்கிக் கார்பனேட்டாக மாறிவிடும். கழுத்தில் பூத்திருந்த வெள்ளை அதுதான். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு மூச்சுக் காற்று புட்டிக்குள் போயிருக்கிறது. அந்தக் கார்பனேட்டு அவள் செய்த கரைசலுக்குள் போய், அங்கே மீண்டும் கரியமில வாயுவாகக் கரைந்து காத்திருந்திருக்கிறது. முரடன் பெராக்சிநைட்ரைட் உள்ளே விழுந்ததும் முதலில் கை கோத்தது அதனோடுதான். அந்தக் கூட்டிலிருந்து பிறந்த இரு போக்கிரிகள் பேத்தியைத் தாக்கி, மஞ்சளை ஐந்து மடங்காக்கிவிட்டார்கள். பேத்தியின் பசி என்று உலகுக்கு அவள் அறிவிக்கவிருந்தது, தன் விரல்களின் அமைதியின்மையைத்தான்.

அவள் முக்காலியில் சரிந்து அமர்ந்தாள். பாதம் தாளம் போடவில்லை. பொய்க்காரி என்னும் பழி நீங்கிவிட்டது. அதன் இடத்தில், இத்தனை ஆண்டுகளாக எல்லாரும் கேலியாகச் சொல்லி வந்தது சாட்சியோடு வந்து உட்கார்ந்திருந்தது.

தராசு தொண்டையைக் கனைத்தார். "புட்டி பழசுன்னு சொல்லலாம். பழசுங்கறது பொய்யும் இல்ல. மூடி சரியில்லாத புட்டின்னு சொன்னா யாரும் அதுக்கு மேல தோண்ட மாட்டாங்க. குழுவுக்கும் அது போதும்."

அவர் அப்படிச் சொன்னதே அவளுக்கு ஆச்சரியம். நிறுத்துப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஒரு தட்டில் உண்மையும் மறு தட்டில் அவளுடைய வேலையும் இருந்திருக்கும்.

"நீங்க சொல்வீங்களா அண்ணா, உங்க புட்டியா இருந்தா?"

"என் புட்டி இப்படி ஆகியிருக்காது."

"அதான்" என்று அவள் எழுந்தாள். "மூடி சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியா இல்ல. இதை மறைச்சா அடுத்த புட்டியும் இப்படித்தான் ஆகும்."

பேராசிரியையின் அறைக்குப் போகும் தாழ்வாரம் நீண்டது. அவள் பாதிவழியில் திரும்பி வந்தாள், மறுபடி போனாள், மறுபடி திரும்பினாள். கலன் கழுவும் அம்மாள் துடைப்பமும் கையுமாக அதைப் பார்த்தபடி, "உள்ள போறியா, இல்ல தாழ்வாரத்தை அளக்கறியா?" என்றார். அதற்குப் பிறகே அவளால் கதவைத் தட்ட முடிந்தது.

சொன்னாள். புட்டியையும் மேசைமேல் வைத்தாள். பேராசிரியை புட்டியின் கழுத்தில் பூத்த வெள்ளையைப் பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"நான் பாக்க, என் முன்னாடி செய்" என்றார் பின்னர்.

ஆய்வகம் முழுவதும் வேலை செய்வது போல் நின்று வேடிக்கை பார்த்தது. புது எரிசோடாப் புட்டி ஒன்று திறக்கப்பட்டது. துளி விடும் வேளை வரும்வரை பாதரசம் இடது கையை மேலங்கிப் பைக்குள் விட்டு முஷ்டியாக இறுக்கிக் கொண்டாள். தராசு ஒவ்வொன்றையும் ஊற்றியவுடன் மூடினார். காய்ச்சி ஆற்றிய நீரில் புதிய கரைசல். துளி விழுந்தது. சின்ன மேடு. அடுத்து, அதே கரைசலில் ஒரு பகுதியை எடுத்து, அதில் கண்ணாடிக் குழலை நுழைத்து, அவளே வாய் வைத்து ஊதினாள். அவளுடைய மூச்சு குமிழ்குமிழாக உள்ளே போயிற்று. தராசு அமிலத்தன்மையைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். அதே பேத்தி, அதே முரடன், அதே கை. மலை எழுந்தது. முன்பு கண்டதைக் காட்டிலும் உயரமாகவே எழுந்தது.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அப்போ பொய் இல்ல" என்றார், மெதுவாக.

"பொய் இல்ல மேடம். தப்பு."

"மாநாட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கணும். ஏன்னு எழுதணும். நீதான் எழுதணும்."

"எழுதறேன்."

"குழுகிட்ட நிரந்தரம் பத்தி இந்த வருஷம் நான் பேச முடியாது. இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்லிக் கேப்பேன். கிடைக்கும்னு நினைக்கறேன். உறுதி கொடுக்க மாட்டேன்."

அவள் தலையசைத்தாள். மேடை போயிற்று, நாற்காலியும் கைநழுவிற்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்கு மாறாக அவளுடைய பாதம் தரையில் தட்டத் தொடங்கியது.

"மேடம், உடம்புக்குள்ள இந்தக் காத்து இல்லாமலா இருக்கு? நாம ஊதறதே உள்ள இருந்து வர்றதுதானே. சுத்தமான கரைசல்ல வர்ற அந்தச் சின்ன மேடு, எந்த மனுஷன் உடம்புலயும் இருக்க முடியாத கரைசல்ல வர்ற மேடு. நாம அளக்க வேண்டியது..."

"நாம அளக்க வேண்டியது என்னன்னு முதல்ல அளந்து காட்டு" என்று பேராசிரியை இடைமறித்தார். "எவ்வளவு காத்து, எவ்வளவு மஞ்சள்னு படிப்படியா. உன் விரல் எவ்வளவு விட்டுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததை வச்சு மேடை ஏற முடியாது." அவர் கதவருகே போய்த் திரும்பினார். "அந்தப் பழைய புட்டியைத் தூக்கிப் போட்டுடாதே. என் அலமாரியில வை. உன் கைக்கு எட்டாத தட்டுல."

வீட்டில் அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா தைத்துக் கொண்டேயிருந்தாள். பிறகு நூல் அறும்படி சிரித்தாள்.

"பிஸ்கட்டு நமத்தப்பவே நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"ஒரு தையல்காரி சொன்னா யாரு கேக்கறா."

"நீ பிஸ்கட்டைச் சொன்னக்கா. எரிசோடாவைச் சொல்லல."

"அடுத்த வாட்டி சேத்துச் சொல்றேன்" என்று அக்கா நூலைக் கோக்கக் கண்ணைச் சுருக்கினாள். ஊசியின் காது பிடிபடவில்லை. பாதரசம் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அவள் கை நடுங்கியதோ அலைந்ததோ கிடையாது. "வேலை போயிடுமாடி?" என்று அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கும்னு நினைக்கறேன். அதுக்கப்புறம் தெரியாது."

"தெரியாதுன்னா நடந்துக்கிட்டே இருப்ப."

"இருப்பேன்."

மறுநாள் காலை அவளுடைய மேசைமேல் புதிதாக ஒரு புட்டி நின்றது. பழையதன் அதே அளவு, அதே நீல மூடி. எரிசோடாப் புட்டிகள் யாவும் தராசின் பக்கத்து அலமாரிக்குக் குடிபெயர்ந்திருந்தன. இனி வேண்டும்போது அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவள் புதிய புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். எடையே இல்லை.

"என்னண்ணா இது?"

தராசு தம் கரைசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலிப் புட்டி. கழுவி உலர்த்தி வச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல, கெட்டுப் போக வழியே இல்ல. இஷ்டத்துக்குத் திருகு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. இரண்டையும் விழுங்கிக் கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். எவ்வளவு காற்று, எவ்வளவு மஞ்சள். முதல் அளவு எதுவாக இருக்கட்டும் என்று சிந்திக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் அவளுடைய வலது பாதம் தாளம் போட்டது. நீல மூடி அரைத் திருகு திறந்தது, அரைத் திருகு மூடியது.